மார்கழிப் பனியும் முறுக்கு மன்னர்களும்

டிஸ்கி: ஆர்.எக்ஸ்.100 பக்தர்கள் கோவிச்சுக்கக் கூடாது. பாதித் திட்டு உங்களுக்குத்தான் :-)

குமாரபாளையத்துல குளிர்னு ஒண்ணு கிடையாதுங்க. முதல்ல அதை ஒத்துக்குங்க. மார்கழி, தை விடிகாலைல காவிரிப் பக்கமிருந்து கொஞ்சம் பனி இறங்கும். மிஞ்சிப் போனா 18, 20 டிகிரி. அதுக்கே மப்ளரைச் சுத்திக்கிட்டு, வண்டி கிளம்பலைன்னா "பனிங்க தம்பி, இன்ஜின் வெறச்சுப் போச்சு"ன்னு ஒரு வியாக்கியானம். ஊட்டில புல்லு மேல வெள்ளையா உறைபனி படியிற காலைலயும் பால்காரர் வண்டி கிளம்பத்தான் செய்யுது.

அடுத்தது "ஆயில் கெட்டியாயிருச்சு". டப்பா மேல 20டபிள்யூ40, 10டபிள்யூ30ன்னு போட்டிருக்கே, அந்த டபிள்யூக்கு அர்த்தமே விண்டர்தான். 20டபிள்யூ ஆயிலோட குளிர்ச் சோதனையை மைனஸ் 15 டிகிரில பண்றாங்க, 10டபிள்யூக்கு மைனஸ் 25ல. நம்மூரு மார்கழிக்கு அது கெட்டியாகுமா? போங்கண்ணே.

அப்புறம் ஏன் காலைல மட்டும் மக்கர் பண்ணுது? நெருப்புப் பிடிக்கிறது திரவப் பெட்ரோல் இல்ல, அதோட ஆவி. இன்ஜின் ஆறியிருந்தா பெட்ரோல் சரியா ஆவியாகாது. அதுக்குத்தான் சோக். காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டிக் குடுக்கும். நல்லா இருக்குற வண்டி இந்தச் சின்னக் குறையைத் தாண்டிரும். கருகின பிளக்கு, செத்துக்கிட்டிருக்குற பேட்டரி, வருசக்கணக்கா பாக்காத வால்வு இடைவெளி, இதெல்லாம் இருக்குற வண்டிதான் மாட்டும். எங்க ஊருக்குன்னு ஸ்பெசலா இன்னொண்ணு இருக்கு, ஏர் பில்டர். தறிப்பட்டறை வாசல்லயே நாள் பூரா நிக்கிற வண்டியோட பில்டரைக் கழட்டிப் பாருங்க, தலையணைக்கு ஆகுற அளவுக்குப் பஞ்சு இருக்கும். அதைத் தட்டி மாட்டுறதை விட்டுட்டு மார்கழியைத் திட்டுனா அது என்ன பண்ணும்?

சோக்குன்னதும் ஞாபகம் வருது. "சோக் போட்டா பெட்ரோல் குடிக்கும்"னு இந்த ஊருல ஒரு வேதவாக்கு இருக்கு. எடுக்க மறந்துட்டு ஈரோடு வரைக்கும் ஓட்டுனா குடிக்கும்தான். ஒரு நிமிசம் போட்டு எடுத்தா என்ன குடிச்சிரும்? அதைத் தொடாமயே வெச்சு, துருப்பிடிச்சு இறுகிப்போய், அப்புறம் இருபது உதை உதைச்சு முழங்கால் போச்சுன்னு தைலம் வாங்குற காசுக்கு எத்தனை லிட்டர் வரும்? இன்னொரு கூத்து, சோக்கையும் போட்டுட்டு ஆக்சிலேட்டரையும் திருகுறது. திருகுனா காத்து உள்ள போகும், சோக் போட்டதே வீண். கையை எடுத்துட்டு உதைங்க சாமி.

சரி, ஸ்டார்ட் ஆயிருச்சு. உடனே முறுக்கு! வ்ர்ரூம் வ்ர்ரூம். விடிகாலை அஞ்சரை மணிக்கு, ராத்திரி ஷிப்டு தறி ஓட்டிட்டு அப்பத்தான் ஆளுங்க கண்ணசர்ற தெருவுல. இது ஆர்.எக்ஸ்.100 காலத்துச் சொத்து. அது டூ ஸ்ட்ரோக், ஆயில் பெட்ரோலோடயே கலந்து உள்ள போயிரும். அந்த வண்டி உற்பத்தி நின்னது 1996ல, பழக்கம் மட்டும் நிக்கல. இன்னிக்கு நீங்க ஓட்டுறது போர் ஸ்ட்ரோக். ராத்திரி பூரா ஆயில் கீழ தேங்கிக் கிடக்கும். அது மேல ஏறி வால்வு வரைக்கும் போகச் சில வினாடி ஆகும். அந்தச் சில வினாடில முறுக்குனா எண்ணெய் இல்லாம இரும்பும் இரும்பும் தேயும். பத்து நிமிசம் சும்மா ஓடவிடுறதும் தண்டம். அரை நிமிசம், ஒரு நிமிசம் ஓடவிட்டு மெதுவா கிளம்புனா போதும், போகப் போகச் சூடாயிரும்.

இதெல்லாம் காசும் தூக்கமும் போற விசயம். எனக்கு நெஜமா வயித்தெரிச்சல் வேற.

திருட்டுப் பயத்துல பாதிப் பேரு வண்டியை ராத்திரி வீட்டுக்குள்ள ஏத்தி வெக்கிறோம். நடையிலயோ முன் ரூம்லயோ நிக்கும், ரெண்டடி தள்ளி பாய்ல புள்ளைங்க தூங்கும். காலைல "வெளிய பனியா இருக்கு"ன்னு உள்ளயே ஸ்டார்ட் பண்ணி, சூடாகட்டும்னு ஓடவிட்டுட்டு பல்லு வெளக்கப் போற ஆளுங்களை நான் பாத்திருக்கேன், சொந்தக்காரங்க வீட்டுலயே. ஆறுன இன்ஜின்லதான் கார்பன் மோனாக்சைடு அதிகமா வரும். பெட்ரோல் கூடுதலா போகுது, முழுசா எரியறதில்ல. சைலன்சர்ல இருக்குற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் 250, 300 டிகிரிக்குச் சூடேறுற வரைக்கும் உருப்படியா வேலை செய்யாது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நெறம் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். புள்ளை தலைவலின்னு சொன்னா "பனி ஒத்துக்கல, தலைக்குக் குளிச்சது சேரல"ன்னு கஷாயம் வெச்சுக் குடுப்பாங்க. இதுக்கும் பனிதான் பலிகடா! தள்ளிட்டுப் போய் வாசல்ல ஸ்டார்ட் பண்றதுக்கு ஆகுறது பத்து செகண்டு. வாசப்படி ஏத்தத் தெம்பு இருக்கு, எறக்க இல்லையாக்கும்?

"எங்குளுது புது வண்டி, சோக்கே இல்ல"ங்கற கோஷ்டிக்கு: 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்ததுலருந்து இன்ஜெக்சன் வந்துருச்சு, இன்ஜின் சூட்டை சென்சார் பாத்து அதுவே பெட்ரோலைக் கூட்டிக்கும். ஆனா வாயுவு அதே வாயுவுதான். சாவியைத் திருப்புனதும் டேங்க் பக்கம் "ஙீய்ங்"ன்னு ஒரு சத்தம் வரும், பம்பு ஓடுது. அது நின்னதும் பட்டனை அமுக்குங்க, அதுக்குள்ள என்ன அவசரம்? பல வண்டிகள்ல உதையும் போயிருச்சு, 2021ல வந்த கிளாசிக் 350ல கூட இல்ல. அதனால பேட்டரி இழுக்கத் திணற ஆரம்பிச்சா தை வரட்டும், வெயில் வரட்டும்னு காத்திருக்காம மாத்திருங்க.

பழைய கார்புரேட்டர் வண்டிக்காரங்க சார்பா அரசாங்கத்தையும் ஒரு வார்த்தை கேக்கணும். 2025ல பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்தாச்சு. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கு மேல வெப்பம் வேணும். அதுலயே ஆக்சிஜன் வேற இருக்கறதால கலவை இன்னும் வெளுக்கும். பிரேசில்ல எத்தனால் காருக்குக் காலைல ஸ்டார்ட் பண்ணன்னே தனியா குட்டிப் பெட்ரோல் டேங்க் வெச்சிருந்தாங்க. இங்க பழைய எக்ஸ்.எல்.ல பாவு நூலை ஏத்திட்டுப் போற அண்ணனுக்கு "சோக்கைச் சரி பண்ணிக்கோங்க, ஜெட்டை ஒரு தடவை பாத்துக்கோங்க"ன்னு பங்க்ல ஒரு நோட்டீஸ் ஒட்டக் கூடவா ஆளில்ல?