தொழிலாளர் வாங்கிய சுரங்கம்

ஒரு தொழிலுக்கு முடிவு எப்பொழுது நேருகின்றது? கணக்கேட்டில் நஷ்டம் என்று எழுதப்படும் அன்றா? உழைப்பவர் கைவிடும் அன்றா? தென் வேல்ஸில், கனன் பள்ளத்தாக்கின் தலைப்பிலே ஹிர்வைன் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் அருகில் இருந்த டவர் நிலக்கரிச் சுரங்கத்தின் வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகின்றது.

1864-ஆம் ஆண்டில் மலைச்சரிவைக் குடைந்து அங்கே சுரங்கம் அமைத்தனர். மேலே பொதுவெளியில் கிராஷே என்னும் இரும்பாலை முதலாளி 1848-இல் கட்டியிருந்த கோபுரமே அதற்குப் பெயராயிற்று. 1941-இல் 160 மீட்டர் ஆழத்திற்குச் செங்குத்தான குழி தோண்டப்பட்டது. 1947-இல் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையானபொழுது இதுவும் அரசின் வசமாயிற்று. 1962 ஏப்ரல் 12 அன்று உள்ளே நேர்ந்த வெடிவிபத்தில் ஒன்பது தொழிலாளர் மாண்டனர். நிலக்கரிக்கு அவ்வூர் கொடுத்த விலை அத்தகையது.

1984-85-இல் ஓராண்டு நீடித்த வேலைநிறுத்தம் தோல்வியுற்றபின், தென் வேல்ஸ் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. டவரின் முறை 1994-இல் வந்தது. அன்றைய சந்தை நிலையில் அது கட்டுப்படியாகாது என்று கூறி, ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் கோல் நிறுவனம் அதை மூடிவிட்டது. அவ்வட்டாரத்துப் பார்லிமெண்டு அங்கத்தினரான ஆன் கிளூயிட் அம்மையார் அதை எதிர்த்துச் சுரங்கத்தினுள்ளேயே 27 மணிநேரம் அமர்ந்திருந்தார், பயனில்லை.

அதன்பின் தொழிலாளர் செய்த காரியமே வியப்புக்குரியது. தொழிற்சங்கக் கிளையின் காரியதரிசியான டைரோன் ஓசல்லிவன் முன்னின்று நடத்த, 239 பேர் ஒன்றுகூடினர். வேலையிழந்தமைக்கு ஈடாகக் கிடைத்த பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுன் எடுத்து வைத்தனர். அவ்வாறு சேர்ந்தது 19 லட்சம் பவுனுக்கும் மேல். சுரங்கத்தின் விலையோ 20 லட்சம் பவுன். 1995 ஜனவரி 2 அன்று, குடும்பத்தார் உடன்வர, அவர்கள் உடைமையாளராகவே ஊர்வலமாய்ச் சுரங்கத்திற்குத் திரும்பினர்.

அந்த 8,000 பவுன் எத்தகைய பணம் என்பதை மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் அன்பர்கள் நன்கு உணர்வார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை அடுப்பெரிய வேண்டிய பணம் அது. நிலத்தடியில் நீர் பெருகியிருந்தாலோ, நிலக்கரி விலை சரிந்திருந்தாலோ அத்தனையும் போயிருக்கும். அவர்கள் வென்றதனால் நாம் இன்று புகழ்கின்றோம். துணிந்த அன்று வெற்றி யாருக்கும் உறுதியாக இல்லை. ஆயினும், அந்தச் சுரங்கத்தை அவர்கள் ஏட்டில் பார்த்து அறிந்தவரல்லர். கையால் தொட்டு அறிந்தவர்கள். கரிப்படலம் எங்கே எவ்வளவு எஞ்சியிருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுடைய மதிப்பீடு பொய்க்கவில்லை. சுரங்கம் இலாபத்துடன் இயங்கியது. அபர்த்தா மின்சார நிலையத்திற்குக் கரி அனுப்பிற்று. எடுக்கக்கூடிய கரி தீர்ந்த பின்னரே, 2008 ஜனவரி 25 அன்று அதை மூடினர். பின்னர் அபர்த்தா நிலையமும் மூடப்பட்டது. 2024-இல் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் ஓய்ந்தது.

ஆகவே டவரும் என்றேனும் மூடப்பட வேண்டியதே. ஆனால், கட்டுப்படியாகாது என்று தள்ளப்பட்ட பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் அது அவ்வூர் வீடுகளுக்குச் சோறு போட்டது. முடிவு நாளையும் அங்கே உழைத்தவர்களே குறித்தார்கள்.