இடது கையின் வேலை

மோரிஸ் ஆட்டத்துக்குக் கான்செர்ட்டினா வாசிப்பவர்கள் நம் இதழுக்கு அனுப்பும் பதிவுகளில் ஒரு குறை திரும்பத் திரும்பக் காதில் படுகிறது. மெட்டு பிசகுவதில்லை, வலது கை விரல்களும் சுத்தமாக ஓடுகின்றன. ஆனால் இடது கை ஓயாமல் கார்டுகளை அள்ளிக் கொட்டுகிறது. தட்டுக்குத் தட்டு மூன்று நான்கு சுரங்கள். அடுத்த கார்டு வரும்வரை முந்தையது அழுத்திப் பிடித்தபடியே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்க இனிமைதான். ஆடுகிறவர் காலை எடுத்து எம்ப மட்டும் அதில் இடமில்லை.

இந்த மெட்டுகள் கார்டோடு பிறந்தவை அல்ல. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதி ஊர்களில் மோரிஸுக்கு நெடுங்காலம் வாசித்தது ஒரே ஆள்தான். இடது கையில் மூன்று துளைக் குழல், அதே கையில் தொங்கும் சிறு முழவு, வலது கையில் முழவை அடிக்கும் குச்சி. மெட்டும் தாளமும் ஒருவர் உடம்பிலிருந்தே வந்தன. பிறகு ஃபிடில் வந்தது, அதற்கும் பிறகு கான்செர்ட்டினா. ஆங்லோ கான்செர்ட்டினாவை எடுத்துக்கொண்டால், குழல்காரரின் இரண்டு வேலையும் கை மாறி அதில் அப்படியே இருக்கின்றன: வலது கை குழல், இடது கை முழவு. கார்டு என்பது இந்த இடத்தில் முழவின் வாரிசு. மெட்டுக்கு அழகு சேர்ப்பது அதன் இரண்டாவது வேலை.

வில்லியம் கிம்பரின் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டை ஒட்டிய ஹெடிங்டன் குவாரியைச் சேர்ந்த கொத்தனார் அவர். 1899 டிசம்பர் 26 அன்று, பனிக்காலத்தில் கட்டட வேலை நின்றுபோயிருந்த நேரம், அவருடைய குழு வழக்கமான கோடைப் பருவத்தை விட்டு நாலு காசுக்காகத் தெருவில் ஆடியது. அதைக் கண்ட செசில் ஷார்ப், பின்னாளில் நாட்டுப்புற இசையைத் தொகுத்தவர், மறுநாளே கிம்பரை வரச்சொல்லி, அவர் கான்செர்ட்டினாவில் வாசித்த மெட்டுகளை எழுதிக்கொண்டார். ‘லாட்னம் பஞ்சஸ்’, ‘பீன் செட்டிங்’ எல்லாம் அப்படித்தான் தாளில் ஏறின. ஆனால் ஏறியது மெட்டு மட்டுமே. 1907 முதல் ஷார்ப் வெளியிட்ட தொகுப்புகளில் அந்த மெட்டுகளோடு இருப்பது அவரே எழுதிய பியானோ பக்கவாத்தியம். கிம்பரின் இடது கை அந்தப் பக்கங்களில் இல்லை. இன்று நாம் கேட்கும் தடித்த கார்டுகளுக்குப் பின்னால் அந்தப் பியானோ இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கிம்பரின் இடது கை தொட்டதும் விட்டுவிடும். இரண்டு மூன்று சுரம், ஒரு கொத்து, பிறகு காற்று. மெட்டு தனியாக நடக்கும். தேவைப்படும் இடத்தில் மறுபடி ஒரு கொத்து. அவர் தாமே ஆடியவர். எந்த நொடியில் கால் தரையில் இருக்கும், எந்த நொடியில் இருக்காது என்பது அவர் உடம்புக்குத் தெரியும்.

காட்ஸ்வோல்ட் மோரிஸின் அடிப்படை நடையைப் பாருங்கள்: மூன்று அடி, ஓர் எம்பல். கார்டு எங்கே விழுகிறது என்பதைவிட எங்கே முடிகிறது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. மூன்றாம் தட்டின் கார்டைச் சட்டென்று விட்டுவிட்டால் எம்பலுக்கு வழி திறக்கிறது. அதையே இழுத்துப் பிடித்தால் ஆடுபவரின் கணுக்காலைப் பிடித்து வைத்ததுபோல் ஆகிவிடும். ஆறு பேர் காலிலும் மணிச்சரங்கள் ஒலிக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. மைதானம் ஏற்கெனவே ஓசையால் நிறைந்திருக்கிறது. அதன் மேல் இழுவைக் கார்டு போனால் எல்லாம் கலங்கிவிடும்.

வாத்தியமே சிக்கனத்தைத்தான் கேட்கிறது. சி/ஜி ஆங்லோவின் இடது பக்க நடு வரிசையில் துருத்தியை உள்ளே அழுத்தினால் சி, ஜி, சி, ஈ, ஜி. வெளியே இழுத்தால் ஜி, பி, டி, எஃப், ஏ. அதாவது ஒரு திசையில் சி மேஜர், மறு திசையில் ஜி செவன்த், இரண்டும் விரலுக்குக் கீழே தயாராக இருக்கின்றன. மெட்டின் திசையே கார்டைப் பாதி தேர்ந்துவிடுகிறது. மீதிப் பாதியில்தான் வாசிப்பவரின் ரசனை. மெட்டில் ஜி சுரம் அழுத்தும் திசையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் சி கார்டும் கிடைக்கும். ஜி வரிசைக்கு விரலை நகர்த்தினால் பி, டி, ஜி என்று ஜி கார்டும் கிடைக்கும். அடி ஊன்றி நிற்கும் இடமானால் சி. அடுத்த அடிக்குத் தள்ளிவிட வேண்டிய இடமானால் ஜி. காதைவிடக் கண்தான் இதற்குப் பதில் சொல்லும், ஆடுபவரைப் பார்க்கும் கண்.

காற்றுக் கணக்கும் உண்டு. கீழ்ச் சுரங்களின் ரீடுகள் பெரியவை, காற்றை அதிகம் குடிப்பவை. நான்கு சுரக் கார்டுகளாகவே போனால் மெட்டின் நடுவில் துருத்தி முழுக்க விரிந்துபோய் வலது கட்டைவிரல் காற்றுப் பட்டனைத் தேடும். அதோடு அந்தக் கனத்த இடது பக்கம் வலது பக்க மெட்டை விழுங்கியும்விடும். அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் பல இடங்களில் போதும். ‘பிரின்சஸ் ராயல்’ ஓர் ஊரில் மேஜரிலும் இன்னோர் ஊரில் மைனரிலும் வாழும் மெட்டு. மூன்றாம் சுரத்தை மெட்டிடமே விட்டுவைத்தால் எந்த ஊர் வடிவத்துக்கும் இடையூறு வராது.

கேப்பர்கள் வரும் ஆட்டங்களில்தான் இடது கையின் தரம் வெளிப்படும். ஆடுபவர் உயரத் தாவுவார். மெட்டு அவருக்காக நீளும். அந்த நேரத்தில் பலர் பதற்றத்தில் ஒரு பெரிய கார்டை மிதக்க விடுகிறார்கள். கால் தரையை விடும் கணத்தில் ஒரு குறுங்கார்டு, உடல் மேலே இருக்கும்வரை மெட்டின் சுரம் மட்டும், கால் ஊன்றும்போது ஒற்றைக் கீழ்ச் சுரம் என்று வாசித்துப் பாருங்கள். ஊன்றும் கணம் ஒவ்வொருவருக்கும் வேறு. கனமானவர் சீக்கிரம் இறங்குவார். இளைஞர் காற்றில் கொஞ்சம் தங்குவார். மெட்ரோனோமை வைத்துப் பழகியவருக்கு இந்தப் பாடம் மைதானத்தில்தான் கிடைக்கும். ‘பீன் செட்டிங்’ போன்ற கோலாட்ட வகைகளிலோ கோல்களே தாளம் போடுகின்றன. கோல் தரையைக் குத்தும் இடத்தில் இடது கை வாயை மூடிக்கொள்வது நல்லது.

இங்கிலீஷ் கான்செர்ட்டினா வாசிப்பவர்களுக்குக் கதை வேறு. மெட்டே இரு கைகளுக்கும் மாறி மாறிப் போவதால் முழவுக்கென்று ஒரு கை மிஞ்சுவதில்லை. ஒரு கார்டின் மூன்று சுரங்களும் ஒரே பக்கத்தில் அமைவது அவர்களுக்கு வசதி. மெட்டின் வலுவான அடிகளில் அருகிலுள்ள ஐந்தாம் சுரத்தைத் தொட்டு விட்டாலே போதிய அழுத்தம் வந்துவிடும். டூயட் கான்செர்ட்டினா வாசிப்பவர்களுக்குச் சுதந்திரம் அதிகம், அதனால் பியானோவாக மாறிவிடும் ஆபத்தும் அதிகம். இரண்டு மூன்று மெலோடியன்களோடு சேர்ந்து வாசிக்கும் குழுவில் கார்டு பொறுப்பை ஒருவரிடம் விட்டு மற்றவர்கள் மெட்டோடு நிற்பதே முறை.

இதையெல்லாம் யோசித்து, நம் இதழில் மெட்டுகளை அச்சிடும் விதத்தை மாற்றுகிறோம். அடுத்த இதழ் முதல் சுரவரிசைக்கு மேலே கார்டு எழுத்துகளைப் போட மாட்டோம். பதிலாக, கீழே அடிகளையும் எம்பல்களையும் கேப்பர் விழும் இடங்களையும் குறிப்போம். கார்டு எங்கே, எவ்வளவு நேரம் என்பதை வாசிப்பவரே அந்தக் குறிகளிலிருந்து முடிவு செய்யட்டும். முதல் மெட்டு ‘லாட்னம் பஞ்சஸ்’, ஹெடிங்டன் வடிவம். உங்கள் பதிவுகளை அனுப்பும்போது ஆடுபவர்களின் கால்களும் படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். கால் தெரியாத பதிவைப் பற்றி எங்களால் பயனுள்ள எதையும் சொல்ல முடியாது.