நர்ஸ் ஆகாமல் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் ஆக முடியாது

மும்பையில் கல்விக்கடன் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். ஆபீசர் தமிழ் ஆள் என்று தெரிந்ததும் தாராவி, செம்பூர், முலுண்ட் பக்கத்து நம்மவர்கள் ஃபைலோடு நேராக என்னிடமே வந்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கொஞ்ச நாளாக ஒரே மாதிரி ஃபைலைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் தாங்காமல்தான் இந்தப் பதிவு.

ஃபைலில் இருப்பது பி.எஸ்ஸி. அனஸ்தீசியா டெக்னாலஜி அட்மிஷன் கடிதம். கூடவே ஏஜெண்ட் கொடுத்த வழவழ நோட்டீஸ். அதில் அமெரிக்க நர்ஸ் அனஸ்தெடிஸ்டின் டாலர் சம்பளம் கொட்டை எழுத்தில். "இதைப் படிச்சா அங்க போயிடலாமாம் சார்" என்கிறார் அப்பா.

போக முடியாது. இதைச் சொன்னால் பொண்ணோட எதிர்காலத்தைக் கெடுக்க வந்தவன் மாதிரி என்னைப் பார்க்கிறார்கள். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் பொய்யில்லை. அங்கே சராசரியே வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல். நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர். அமெரிக்காவில் அதற்கென்றே படித்த நர்ஸும் கொடுக்கலாம். பொய் எங்கே இருக்கிறது என்றால், வாசலில். அந்தப் படிப்பில் சேரவே பட்டம் வேண்டும், அமெரிக்க ஆர்.என். லைசென்ஸ் வேண்டும், குறைந்தது ஒரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்திருக்க வேண்டும். 2022 முதல் புதிதாகச் சேருபவர்கள் எல்லோருக்கும் அது டாக்டரேட் படிப்பு. குறைந்தது 36 மாதம்.

அனஸ்தீசியா டெக்னாலஜி படித்தவர் நர்ஸ் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் மெஷினைச் சரிபார்த்து, டாக்டருக்குத் துணை நிற்கும் டெக்னாலஜிஸ்ட். மரியாதையான வேலை. அதற்காகவே படித்தால் நானே முன்நின்று கடன் போட்டுத் தருவேன். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து ஆர்.என். லைசென்சுக்கான என்க்ளெக்ஸ் பரீட்சை எழுத முடியாது. மறுபடி முதலிலிருந்து நர்சிங் படிக்க வேண்டும்.

சரி, பி.எஸ்ஸி. நர்சிங்கே படித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்ட் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, அந்நாட்டு ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும் என்பது இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் கவுன்சிலின் விதி. பரேலிலும் வேலூரிலும் பத்து வருடம் ஐ.சி.யூ. பார்த்தாலும் கை தேறும். அந்தக் கட்டத்தில் டிக் விழாது. அப்படியென்றால் முதலில் சாதாரண நர்ஸாக அங்கே போயாக வேண்டும். நர்ஸ்கள் பெரும்பாலும் போவது ஈ.பி.3 கிரீன் கார்டு வரிசையில். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை 2025 முடியும்போதும் 2013-ஐத் தாண்டவில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். கல்விக்கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம் அவகாசம். அப்புறம் தவணை. பத்து லட்சம், பத்து சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதம் 13,200 ரூபாய்க்கு மேல். படிக்கிற காலத்து வட்டி தனி. இ.எம்.ஐ. கிரீன் கார்டு வரிசையில் நிற்காது சாமி! ஏஜெண்டின் "வழிகாட்டல் கட்டணம்" கல்விக்கடனில் வராது என்பதால், அதற்கு அம்மாவின் சங்கிலி பக்கத்துக் கவுண்டரில் நகைக்கடனுக்குப் போகிறது.

இவ்வளவும் இண்டர்நெட்டில் அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். பின் ஏன் ஏமாறுகிறோம்? எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். நர்ஸ் என்ற வார்த்தை நமக்குக் கூச்சம். "பொண்ணு நர்சிங் படிக்குதா?" என்று ஊரில் அத்தை கேட்டால் முகம் சுருங்குகிறது. "அனஸ்தீசியா டெக்னாலஜி" என்றால் இன்ஜினியரிங் மாதிரி கம்பீரமாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம். நர்ஸின் சம்பளம் வேண்டும், நர்ஸ் என்ற பெயர் வேண்டாம். ஏஜெண்ட் விற்பது படிப்பை இல்லை அண்ணாச்சி, இந்தக் கூச்சத்தை! கேரளக் குடும்பங்களுக்கு இந்தக் கூச்சம் போய்ப் பல வருடமாயிற்று. அவர்கள் பிள்ளைகள் உலகம் முழுக்க வார்டுகளில் இருக்கிறார்கள்.

உண்மையிலேயே ஆசை இருந்தால் வழி இருக்கிறது. இந்தியன் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங், இங்கே ஐ.சி.யூ. அனுபவம், என்க்ளெக்ஸ், அங்கே நர்ஸ் வேலை, அங்கே ஐ.சி.யூ., பிறகு விண்ணப்பம். நீளமான வழி. ஆனால் நடுவில் எங்கே நின்றுபோனாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். அந்த டெக்னாலஜி ஃபைலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

ஏற்கனவே அங்கே நர்ஸாக இருக்கும் தங்கச்சி, மச்சினி யாராவது இதைப் படித்தால்: பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், முதல் முயற்சியில் தேசியப் பரீட்சை பாஸ் செய்தவர்கள் எத்தனை சதவீதம், ஆறு மாதத்தில் வேலை கிடைத்தவர்கள் எத்தனை சதவீதம்: இந்த மூன்றையும் ஒவ்வொரு படிப்பும் வெளியிட்டே ஆக வேண்டும். படிக்கும்போது வேலை பார்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் கடனும் கிடையாது.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன். அட்மிஷன் பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் கேளுங்கள்: "இந்தப் பட்டத்தை வைத்து என் பொண்ணு என்க்ளெக்ஸ் எழுதலாமா? எழுத்தில் கொடுப்பீர்களா?" அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்றால், செக் புக்கைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.