கிளவியும் கிழவியும்

எழுத்து ஏட்டிலே இருக்கின்றது. ஒலி நாவிலே பிறக்கின்றது. இவ்விரண்டினையும் இணைத்துக் கற்பிப்பதே தமிழாசிரியரின் கடன். அக்கடனை நாம் செவ்வனே ஆற்றுகின்றோமா என்பதை இவ்வாரம் சிறிது சிந்திப்போமாக. பிறர் குறை பேசுமுன் என் குறையை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இலக்கணங் கற்கப் புதிதாக வந்து சேர்ந்த மாணாக்கர்க்குத் தொல்காப்பிய இயல்களின் பெயர்களைச் சொல்வதெழுதலாகக் கொடுத்தேன். சொல்லதிகாரத்து முதலியல் கிளவியாக்கம். கிளவி என்பது சொல். ஒரு மாணாக்கன் அதனைக் 'கிழவியாக்கம்' என எழுதிவைத்தான். அதனை யான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது, யானுஞ் சிரித்தேன், புள்ளியையுங் குறைத்தேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "ஐயா, நேற்று நீங்கள் ஔவையாரைக் கிழவி என்று சொன்னபோதும் இந்தச் சத்தந்தான் கேட்டது; இன்றைக்கும் இந்தச் சத்தந்தான் கேட்டது. நான் எதைக்கொண்டு பிரித்து எழுதுகிறது?" என்று பணிவோடு கேட்டான்.

யான் விடை கூறவில்லை, கூற இயலவில்லை. அன்றிரவு தனித்திருந்து அவ்விரு சொற்களையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். வாழை என்றேன், வாளை என்றேன். மரத்திற்கும் மீனுக்கும் என் நா ஒரே தொழிலையே செய்தது. பிறப்பியற் சூத்திரங்களை ஆண்டுக்கணக்காக ஒப்புவித்தும் பிறரை ஒப்புவிக்கச் செய்தும் வந்த நா அது!

எழுத்ததிகாரத்து மூன்றாம் இயலாகிய பிறப்பியல் அளவிற் சிறிது, பொருளிற் பெரிது. உந்தியிலிருந்து எழுந்த வளி தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறெழுத்துக்களாகப் பிறக்கும் என்பது அதன் கோட்பாடு. இதழிரண்டும் பொருந்தப் பகர மகரங்களும், நாநுனி பரந்து பல்லின் அடியில் ஒற்றத் தகர நகரங்களும் பிறக்கும் என்கின்றது அது. இவ்வாறு ஒவ்வொன்றாகக் கூறிவரும் ஆசிரியர், ழகரத்தை ளகரத்தோடு சேர்க்கவில்லை, ரகரத்தோடு சேர்த்தார். நாவின் நுனி மேனோக்கி வளைந்து அண்ணத்தை வருட இவ்விரண்டும் பிறக்கும் என்றார். லகர ளகரங்களை வேறாக வைத்து, அவற்றிற்கு நாவின் விளிம்பு தடித்தலைக் கூறினார். ஒன்றற்கு நுனி, மற்றொன்றற்கு விளிம்பு. என் மாணாக்கனுக்குரிய விடை அங்கேயே இருந்தது. புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் விளக்கக் குறிப்புக்களோடு 1937 இல் வெளிவந்த எழுத்ததிகாரப் பதிப்பு என் மேசைமீதே கிடந்தது. யான் அதனைக் கண்ணாற் படித்தேனேயன்றி நாவாற் படித்தேனல்லேன்.

இன்றைய ஒலியியலார் கூறுவது யாது? நுரையீரலிலிருந்து வெளிப்படும் மூச்சே பேச்சிற்கு முதற்பொருள். அது குரல்வளையிலுள்ள இரு குரல்நாண்களின் இடையே செல்லுங்கால் அவை அதிர்கின்றன. பேசும் ஆடவர்க்கு ஒரு நொடியில் ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்டிர்க்கு 200 முறையளவிலும். உயிருள்ள மனிதனின் மிடற்றுள் இவ்வதிர்வைக் கண்ணாற் காண வழிசெய்தவர் மருத்துவரல்லர். மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர். 1854 இல், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியொன்றைத் தம் தொண்டையுட் செலுத்தி, மற்றொரு கண்ணாடியாற் சூரிய ஒளியை அதன்மேல் வீழ்த்தி, தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். அவர் கண்டவை மறு ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டன. மாணாக்கர்க்குக் குரல் பயிற்றிய ஓர் ஆசிரியர் தம் வாயையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

குரல்நாண் எழுப்பும் ஒலியை நாவும் இதழும் அண்ணமும் வெவ்வேறாக உருவாக்குகின்றன. தமிழின் ர, ற, ல, ள, ழ என்னும் ஐந்தொலிகளையும் ஒலிக்குங்கால் நா கொள்ளும் வடிவத்தை எம்.ஆர்.ஐ. படங்களாலும் பிற கருவிகளாலும் அமெரிக்காவில் ஆராய்ந்து 1999 இல் வெளியிட்டனர். இன்றைய ஒலியியல் கூறும் வேறுபாடு இது: ளகரத்தில் வளைந்த நா அண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைக்க, மூச்சு நாவின் பக்கங்களால் வெளியேறும், ழகரத்தில் நாநுனி அண்ணத்தை அணுகியும் அடைக்காது நிற்க, மூச்சு நடுவழியே செல்லும். பழைய நூலார் விளிம்பென்றும் நுனியென்றும் கூறியதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. கருவி எதுவுமின்றி, தம் நாவினையே உற்றுணர்ந்து அவர் கண்ட முறை வியத்தற்குரியது.

வியந்து நின்றுவிடுதல் போதாது. வாயில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு எளிய வழியொன்று உண்டு. ளகரத்தை ஒலித்து, நாவை அந்நிலையிலேயே நிறுத்தி, மூச்சை வாயால் உள்ளே இழுத்துப் பாருங்கள். நாவின் பக்கங்களிற் குளிர்ச்சி தோன்றும். ழகரத்தை ஒலித்து அவ்வாறே இழுத்துப் பாருங்கள். குளிர்ச்சி நாவின் நடுவே தோன்றும். இரண்டிடத்தும் பக்கங்களே குளிருமாயின், நாம் ழகரம் என எண்ணி ளகரத்தையே ஒலிக்கின்றோம் என்பது தெளிவு. யான் அவ்வாறே ஒலித்து வந்தேன். நாநுனி அண்ணத்தைத் தொடாது நிற்கப் பழகுவதற்கு எனக்குச் சில கிழமைகள் சென்றன.

இத்தகைய சோதனைகள் இன்னும் உள. மிடற்றில் விரலை வைத்து 'அங்கம்' என்க. அதிர்வு இடையறாது செல்லும். 'அக்கம்' என்க, ககரத்தில் அதிர்வு அற்று மீளும். ஒலி இரண்டாயினும் எழுத்து ஒன்றே. என்னை? தமிழில் அவ்வொலி வேறுபாட்டாற் பொருள் வேறுபடாமையின் என்க. பொருளை வேறுபடுத்தும் ஒலியையே மொழியியலார் ஒலியன் என்பர். ழகர ளகரங்களோ பொருளை வேறுபடுத்துவன. ஆதலின் அவற்றிற்கு இரண்டெழுத்து வேண்டியதாயிற்று.

அங்ஙனமாயின், யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ழகரம் பெரும்பாலும் ளகரமாய் ஒலித்தல் வழுவோ எனின், அன்று என்பேன். பேச்சு மொழி ஆறு போன்றது. தன் கரையைத் தானே மாற்றிக்கொள்ளும். அதனைச் சோம்பலென்றும் நாத் தடிப்பென்றும் இகழ்தல் அறியாமை. அன்றியும், நம் நா இழந்ததை மாத்திரம் எண்ணிக் காத்ததை மறத்தல் ஆகாது. பத்து, பற்று, பட்டு என்னும் மூன்றையும் நம் கிராமத்துப் பாட்டியும் மூன்றாகவே ஒலிக்கின்றார். தமிழகத்துப் பேச்சிலே காற்று 'காத்து' எனத் தகரமாகிவிட, அண்ணத்தில் நாநுனி ஒற்றிப் பிறக்கும் றகரம் நம்மிடையே உயிரோடுள்ளது. அதனாலன்றோ ரொறன்ரோ என நாம் எழுத, அவர் டொரண்டோ என எழுதுகின்றனர்! ஆங்கிலத்து அவ்வொலிக்கு நம் றகரமே அண்மையது. ழகரமோ மலையாளத்தார் நாவில் இன்றுந் தெளிவாய் வாழ்கின்றது. ஒருவர் காத்ததை மற்றொருவர் இழந்தனர். இதிற் செருக்கிற்கும் இடமில்லை, நாணத்திற்கும் இடமில்லை.

வழு வேறோரிடத்தில் உள்ளது. ஆசிரியர் வேறுபடுத்தி ஒலிக்காத எழுத்தை மாணாக்கர் வேறுபடுத்தி எழுதவில்லையெனத் தண்டித்தலே வழு. சொல்வதெழுதல் என்பது சொல்லுவதை எழுதுதல். சொல்லியது ஒன்றாயிருக்க, எழுதியது ஒன்றாயிருந்ததற்குப் புள்ளி குறைப்பது என்ன நீதி? நூல்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளை கண்ணாற் கண்ட பழக்கத்தால் தப்பிவிடும். செவியையே நம்பி வந்த பிள்ளை வீழும். செவ்வையாகக் கேட்ட பிள்ளையே தண்டனை பெறுகின்றது. 'எனக்குத் தமிழ் வராது' என்று ஒரு தமிழ்ப் பிள்ளை சொல்லும் நிலைக்கு இவ்வாறும் வித்திடுகின்றோம்.

ஆதலின் ஆசிரிய அன்பர்களுக்கு யான் விடுக்கும் வேண்டுகோள் இது. பிறப்பியலை மனனஞ் செய்விக்குமுன் ஒரு பாடவேளையைக் கண்ணாடிக்கும் விரலுக்கும் மூச்சுக்கும் கொடுங்கள். பிள்ளைகள் தத்தம் நாவினைத் தாமே அறியட்டும். சொல்வதெழுதலில் இரு வகையாகவும் எழுதத்தக்க சொல் வருமாயின், அதனைத் தனியே கூறாது வாக்கியத்தில் வைத்துக் கூறுங்கள். வீட்டுப் பேச்சை இகழாதீர்கள். ஏட்டுத் தமிழை வாசிக்கும்போது நாவைத் திருத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் முன்னர், தனியறையில் ஒருமுறை வாழை, வாளை எனச் சொல்லிப் பாருங்கள்.

அம்மாணாக்கனுக்குக் குறைத்த புள்ளியை மறுகிழமை திருப்பிக் கொடுத்தேன். வகுப்பின் முன்னிலையில், ழகரத்தை அவனும் யானுமாகச் சேர்ந்து பழகினோம். அவனுக்கு அது என்னிலும் விரைவில் வந்தது. கிளவியாக்கம் என்னும் பெயரைக் காணுந்தோறும் எனக்கு இன்று முதலில் நினைவுக்கு வருவது சூத்திரமன்று. அவன் கேட்ட கேள்வியே.