மரத்தில் அறைந்த படிகள்

இலையுதிர்காலம் நெருங்கும்போது அமெரிக்காவின் காட்டோரச் சிற்றூர்களில், வீட்டுக் கொல்லைகளிலும் கார்க் கொட்டகைகளிலும் ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. கட்டட வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பி, மின்கம்பி செல்லும் பழைய இரும்புக் குழாய், கழற்றிப்போட்ட பலகை, கயிற்றுத் துண்டு ஆகியவற்றை அறுத்தும் வளைத்தும் துளையிட்டும் மரமேறும் படிகளாக்குகிறார்கள். வெண்வால் மானுக்காகக் காத்திருக்கும் வேட்டைக்காரர் தரையிலிருந்து 15 முதல் 20 அடி உயரத்தில் பரண் அமைத்து உட்காருகிறார். வில்லால் வேட்டையாடுபவருக்கு மான் 20, 30 கஜத்துக்குள் வந்தாக வேண்டும். அத்தனை அருகில் மனித வாடையும் அசைவும் மானுக்குத் தெரியாமலிருக்க உயரம் உதவுகிறது. பரணுக்குப் போக வழி வேண்டும். கடையில் விற்கும் படிகளுக்குக் காசு வேண்டும். கொல்லையிலோ இரும்பு கிடக்கிறது.

நாம் வேட்டைக்காரர் அல்லோம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், வேட்டை என்பது நம்மில் பெரும்பாலோருக்குப் படித்தறியும் செய்தியாகவே எஞ்சியிருக்கிறது. ஆயினும் இந்தப் படிகளைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. தன் கையால் செய்த பொருளின்மீது ஒரு மனிதன் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்ற கேள்வி இதைவிட வெளிப்படையாக எழும் இடம் குறைவு. படி முறிந்தால் விடை உடனே கிடைத்துவிடும். 20 அடி உயரத்திலிருந்து தவறும் உடல், ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும்.

கைப்படச் செய்வதை இழிவாகப் பேசுவோர் கட்சியில் நாம் இல்லை. அமெரிக்க இலக்கியத்தில் அதற்கொரு மரபே இருக்கிறது. 1845-இல் வால்டன் குளக்கரையில் வீடு கட்டிய தோரோ, இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்து, அதன் பலகைகளைக் கொண்டுவந்தார். செங்கல்லும் பழையது, கண்ணாடிச் சன்னல்களும் பழையவை. வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கணக்கும் எழுதி வைத்தார். பழம்பொருளில் படி செய்யும் இன்றைய வேட்டைக்காரர், அறிந்தோ அறியாமலோ, அந்தக் கணக்குப் புத்தகத்தின் வாரிசுதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. வால்டன் வீட்டின் ஒரு பலகை வெடித்திருந்தால் மழை ஒழுகியிருக்கும்; தோரோ நனைந்திருப்பார். மரப்படியில் அத்தகைய மன்னிப்பு இல்லை.

ஆகவே, கிடைத்ததைக் கொண்டு செய்வது தவறு என்று நாம் சொல்லவில்லை. அந்த இரும்பின் முன்கதை தெரியாமல் செய்வதுதான் தவறு. ஒருமுறை வளைத்து, நிமிர்த்தி, மீண்டும் வளைத்த முறுக்குக் கம்பியில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். எல்லா முறுக்குக் கம்பிகளும் வெல்டிங்கைத் தாங்குவதற்கென்று வார்க்கப்பட்டவையும் அல்ல. துத்தநாகம் பூசிய குழாயை அப்படியே பற்றவைத்தால், எழும் புகையே செய்பவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். வெயிலில் கிடந்த நைலான் பட்டை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே இழைகள் வலுவிழந்திருக்கும். இரும்புக்கடைக் குவியலில் கிடக்கும் பொருள் தன் வயதையும் காயத்தையும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

படியின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். அடிமரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் பாதத்தை வைப்பதற்கும் 15 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதற்கும், படியை வளைக்கும் விசையில் மூன்று மடங்கு வேறுபாடு. தாராளமாகக் கால் வைக்கலாமே என்று கம்பியை நீட்டிவிடுபவர், தனக்கெதிராகவே ஒரு நெம்புகோலைச் செய்து வைக்கிறார்.

இவ்விடத்தில் நமக்கு அருகிலிருந்தே ஒரு பாடம் உண்டு. ஆனைமலைக் காடர்கள் மூங்கில் முளைகளை மரத்தில் அறைந்து நெடுமரங்களில் ஏறுவதை, 1909-இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தம் நூலில் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அதே முறையைப் போர்னியோவின் தயக்குகளிடம் கண்டு வியந்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். 1855-ஐ ஒட்டிய காலத்தில் சரவாக்கில் கண்டதை, 1869-இல் வெளியான மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் விளக்குகிறார். பருத்த மூங்கிலைப் பிளந்து செய்த முளைகளை மரத்தில் அறைகிறார்கள். அவற்றின் வெளிமுனைகளை, மரத்தை ஒட்டி நிமிர்த்திய ஒரு நெடுமூங்கிலோடு வரிசையாகக் கட்டுகிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் உயிரோடு விளையாடுவது போலத் தோன்றும். ஆனால் ஒரு முளை தளர்ந்தாலும், மேலும் கீழும் உள்ள முளைகள் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் என்பதை வாலஸ் கண்டுகொண்டார். அங்கே தனித்து நிற்கும் படி என்று ஒன்று இல்லை. இரும்பே இல்லாமல், காட்டில் கிடைத்ததை மட்டும் கொண்டு, ஒன்று தவறினால் மற்றொன்று பிடிக்கட்டும் என்று எண்ணிச் செய்த அமைப்பு அது. கொட்டகையில் வளைத்த கம்பி ஒவ்வொன்றும் தனியே நின்று ஓர் உயிரைத் தாங்க வேண்டியிருக்கிறது. எது கரடுமுரடான வேலை, எது நாகரிகமான வேலை என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.

மரத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மரம் உயர்வது நுனியில். நான்கடி உயரத்தில் அறைந்த ஆணி நாற்பதாண்டு கழித்தும் நான்கடியிலேயே இருக்கும். ஆனால் அடிமரம் ஆண்டுதோறும் பருக்கும்; பருக்கும்போது ஆணியை விழுங்கும், பலகையை வெளியே தள்ளும். சென்ற ஆண்டு உறுதியாக இருந்த படி இவ்வாண்டு ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றிச் சுவரெழுப்பி அடைத்து வைக்கிறது என்பதை 1970-களில் விளக்கினார். அதாவது காயம் உள்ளேயே இருக்கிறது. அதன் வழியே பூஞ்சையும் நுழையலாம். பின்னொரு நாள் அந்த மரம் அறுவை ஆலைக்குப் போகும்போது, உள்ளே புதைந்த இரும்பு வாளின் பற்களை உடைக்கும். அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. பல மாநிலங்களின் பொதுநிலங்களில் மரத்தில் ஆணியோ திருகுபடியோ ஏற்றத் தடை இருப்பது காரணமில்லாமல் அல்ல.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். செய்கிறவர் செய்யட்டும். வரலாறு தெரிந்த பொருளில், குட்டையான படியாக, மரத்தில் அறையாமல் சுற்றிக் கட்டும் வகையில் செய்யட்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கட்டி, தம் எடையைவிடக் கூடுதலான சுமையை ஏற்றிச் சோதிக்கட்டும். பருவம் முடிந்ததும் கழற்றி எடுத்துப் போகட்டும். ஆனால் ஒன்றை மட்டும் கைப்படச் செய்ய வேண்டாம்: உடலைத் தாங்கும் பாதுகாப்புக் கச்சை. பழைய கார் இருக்கைப் பட்டையை அறுத்து அதைத் தைப்பது சிக்கனம் ஆகாது. தரையை விட்டுக் கால் எழும் நொடியிலிருந்து மீண்டும் தரையைத் தொடும்வரை முழுவுடல் கச்சை மரத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பரண் உற்பத்தியாளர் சங்கம் வலியுறுத்துகிறது. பரணில் அமர்ந்த பிறகு மாட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏறும்போதும், இறங்கும்போதும், படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான் பலர் விழுகிறார்கள்.

'இதெல்லாம் பெரியவர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் ஆபத்து, நமக்கென்ன?' என்று நண்பர்கள் கேட்கலாம். குறிஞ்சிப்பாட்டின் தலைவி பரண்மீதிருந்து தினைப்புனம் காத்தாள். பரண் நம் இலக்கியத்தில் அத்தனை பழையது. அதற்கு ஏறும் வழியைக் கட்டிக் கொடுத்தவர் யாரென்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. படி என்பது செய்தவர் ஒருவருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடுவதில்லை. நிலம் கைமாறும், வேட்டைக்காரர் முதுமையடைவார், துருவேறிய கம்பிகள் மரத்திலேயே இருக்கும். காட்டுக்குள் விளையாட வரும் ஒரு சிறுவனுக்கு அவை அழைப்பாகவே தோன்றும். எந்தக் கம்பி எந்த ஆண்டில் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அவனுக்குச் சொல்ல யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்காதவன் ஏறக்கூடிய படிக்கு, செய்தவரே பொறுப்பு.