கடலுக்கடியில் கண் எதற்கு?

கி.பி. 27-ம் நூற்றாண்டில் மனிதர்கள் கடலுக்கடியில் குடியேறி நீர்மூழ்கிகளில் சண்டையிடுவதாகக் கற்பனை செய்து, 1996-ல் ஜெர்மனியில் 'ஆர்க்கிமீடியன் டைனஸ்டி' என்ற வீடியோ விளையாட்டைத் தயாரித்தார்கள். அதில் விமானச் சண்டை போல, எதிரியைத் திரையில் பார்த்துப் பார்த்துச் சுடலாம். என் குறை அதில்தான்.

திருவேட்டக்குடிக் கடலில் முழங்காலளவு நீரில் நின்று பாருங்கள். அலை கிளப்பும் மணலில் உங்கள் பாதமே தெரியாது. தெளிந்த ஆழ்கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மிகவும் மங்கிவிடும். ஒலியோ கடல்நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேல்! ஆகவே நீர்மூழ்கிக்குக் காதுதான் கண். சோனார் ஒலியை அனுப்பினால் எதிரொலி எதிரியைக் காட்டிக்கொடுக்கும், நம்மையும்தான் காட்டிக்கொடுக்கும். வெயிலில் சூடேறிய மேல்நீருக்கும் அடியிலுள்ள குளிர்நீருக்கும் இடையே ஒலி வளைந்து செல்வதால், அங்கே பதுங்கவும் வழியுண்டு. விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விளையாட்டல்லாத கதையும் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே நமது 'குக்ரி' போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி சோனாரால் தொடர்ந்து வந்து, டார்பிடோவால் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். வண்ண வெடிப்பைத் திரையில் ரசிக்கும்போது எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நாளை அங்கே கணிப்பொறி படிக்கப்போகிறவர்கள் உங்களிலும் இருக்கலாம். இப்படியொரு விளையாட்டை நீங்கள் உருவாக்கினால், திரையை இருட்டாக்கிவிட்டு ஹெட்போனைக் கொடுங்கள். நான் முதலில் வாங்குகிறேன்.