பந்தியில் அருகிருப்பவர்

"நான் செய்வது பிழையன்று, என் மனச்சாட்சி என்னைக் குற்றஞ் சாட்டவில்லை. பிறர் பொருட்டு நான் ஏன் அஞ்சவேண்டும்?" என்று வினவுவோர் நம் குடும்பங்களில் உளர். வினா நியாயமானதே. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க நாட்டின் கொரிந்து மாநகரிலும் இதே வினா எழுந்தது.

கொரிந்து இரு துறைமுகங்களையுடைய வணிகப் பட்டினம். கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44இல் யூலியஸ் சீசரால் மீண்டும் குடியேற்றப்பட்டது. ஆங்குள்ள கோயில்களிற் பலியிட்ட விலங்குகளின் இறைச்சி சந்தைக்கும் விற்பனைக்கு வந்தது. "விக்கிரகம் ஒன்றுமில்லை, கடவுள் ஒருவரே, ஆதலின் எவ்வுணவும் எமக்குத் தீட்டன்று" என்றனர் கிறிஸ்தவர்களுள் அறிவுடையோர் சிலர். நேற்றுவரை அத்தெய்வங்களை வணங்கி வந்த வேறு சிலரோ, அவ்வுணவை உண்பது பழைய வழிபாட்டுக்கே திரும்புவதாகுமென்று உள்ளம் பதைத்தனர்.

கி.பி. 50களின் நடுப்பகுதியில் எபேசு நகரிலிருந்து பவுல் அடிகள் இவர்களுக்கு மடல் வரைந்தார். அறிவுடையோர் கூறியதில் உண்மையுண்டென்று அவர் ஒப்புக்கொண்டார். சந்தையில் விற்பதை விசாரியாமல் வாங்கி உண்ணலாம். அயலவர் விருந்துக்கு அழைத்தால் இட்டதை உண்ணலாம். ஆனால், "இது படைக்கப்பட்டது" என்று ஒருவர் சுட்டிக் கூறுவாராயின், அவர் பொருட்டு அதனை விலக்கவேண்டும். தம் உணவு ஒரு சகோதரனை இடறச் செய்யுமாயின், இறைச்சியையே என்றும் உண்ணாதிருக்கவும் அவர் ஆயத்தமாயிருந்தார்.

இங்கே பலவீனர் எனப்படுவோர் யாவர்? எதற்கெடுத்தாலும் குறைகூறுவோரல்லர். தன் மனச்சாட்சி தடுத்தும், வலியவன் செய்வதைக் கண்டு தானும் துணிந்து செய்து, பின் உள்ளம் உடைபவனே பலவீனன். இவ்வேற்றுமையைப் பவுல் அடிகள் நன்கறிந்திருந்தார். யூதர்களை முன்னிட்டுத் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்த அவரே, தீத்துவை அதற்குக் கட்டாயப்படுத்த இடங்கொடுத்தாரல்லர். அன்பின் பொருட்டு விட்டுக்கொடுத்தார். கட்டாயத்துக்கோ பணிய மறுத்தார்.

நம் யாழ்ப்பாணத்து வீடொன்றை எண்ணிப் பாருங்கள். தைப்பொங்கலன்று அயல்வீட்டுச் சைவ அம்மையார் அன்போடு பொங்கல் கொண்டுவருகிறார். கிறிஸ்தவ மாமியார் கடவுளுக்கு நன்றி கூறி மகிழ்ந்து உண்கிறார். அண்மையில் ஞானஸ்நானம் பெற்ற மருமகளோ கை நடுங்கி நிற்கிறாள். "படித்த பிள்ளைக்கு இதுவும் விளங்கவில்லையா?" என்று மாமியார் நகைத்தால், அவள் வெட்கத்தினால் ஒரு கவளம் உண்பாள், ஆனால் அன்றிரவு அவளால் அமைதியாக ஜெபிக்க இயலாது. மாமியாரின் கொள்கையிற் குற்றமில்லை. எனினும் அவருடைய நகைப்பு ஓர் இளம் விசுவாசியின் உள்ளத்தைக் காயப்படுத்திவிட்டதன்றோ?

அயலவரின் அன்பை இரு கைகளாலும் ஏற்றுக்கொள்வோம். மருமகளை உண்ணென்று வற்புறுத்தாது, அவள் தெளிவு பெறும்வரை பொறுத்திருப்போம். மருமகளும், உண்கின்ற மாமியாரை விசுவாசமற்றவரென்று தீர்ப்பிடாதிருக்கக் கடவள். ஒருவர் நகையாமலும் மற்றவர் தீர்ப்பிடாமலும் வாழும் வீட்டிலே, மனச்சாட்சி அச்சமின்றி வளரும்.

"எனக்கு உரிமையுண்டு" என்று அடுத்த முறை நாம் சொல்லுமுன், பந்தியில் அருகிருப்பவரின் முகத்தை ஒருமுறை நோக்குவோமாக.